பிழை யாருடையது, பணம் யார் தருவது: லாரி ஓட்டுநரின் காயமும் சிங்கப்பூர்ச் சட்டமும்

துவாஸ் வட்டாரத்துக் கிடங்கு ஒன்றின் முன்னால், மழை விட்ட சற்று நேரத்தில், லாரியின் பின்தளத்தில் ஏறிக் கேன்வாஸ் துணியை அவிழ்க்கும் ஓட்டுநர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் இருக்கும். ஏணி இல்லை, சக்கரத்தில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். நனைந்த கயிறு இறுகிக் கிடக்கிறது. இரு கைகளாலும் இழுக்கையில் முடிச்சு சட்டென்று விட்டுப்போக, அவர் மல்லாந்து தரையில் விழுகிறார்; மணிக்கட்டு முறிகிறது. ஓடி வந்த மேற்பார்வையாளர், “எப்படிப்பா விழுந்தே?” என்று கேட்கிறார். “அவசரத்துல இழுத்துட்டேண்ணே, என் தப்புதான்” என்பது பதில். நிறுவனத்தின் விபத்துக் குறிப்பில் அப்படியே அந்த வரி ஏறிவிடுகிறது. தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டதால் இனி இழப்பீடு கேட்க வழியில்லை என்று ஓட்டுநர் நினைத்துக்கொள்கிறார். சில முதலாளிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அல்லது ஓட்டுநர் அப்படி நினைத்தால் நல்லது என்று இருந்துவிடுகிறார்கள்.

அந்த நினைப்பு தவறு. எப்படித் தவறு என்பதை விளக்க வேண்டிய தேவை இப்போது கூடியிருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல், இந்தியா, இலங்கை, பங்ளாதேஷ் முதலிய நாடுகளிலிருந்து வேலை அனுமதியில் ஆள் எடுக்கக்கூடிய வேலைகளின் பட்டியலில் கனரக வாகன ஓட்டுநர் வேலையும் சேர்க்கப்பட்டுள்ளது. 2025 நவம்பர் 1 முதல், வேலையிடக் காய இழப்பீட்டின் உச்சவரம்புகள் உயர்ந்துள்ளன. ஆக, இங்குள்ள சட்டத்தைப் புதிதாக அறிய வேண்டிய தமிழ் பேசும் ஓட்டுநர்கள் கூடுகிறார்கள். அறியாவிட்டால் கைவிட்டுப் போகும் தொகையும் கூடியிருக்கிறது.

ஒரே விபத்து, வெவ்வேறு கேள்விகள்

குழப்பத்தின் வேர், “யார் பொறுப்பு?” என்ற ஒரே கேள்விக்குள் பல கேள்விகளைத் திணித்துவிடுவது. சட்டம் அவற்றைத் தனித்தனியாகத்தான் கேட்கிறது.

1. காயம் வேலையால், வேலையின்போது ஏற்பட்டதா? இது இழப்பீட்டுக் கேள்வி. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019 இதற்கு உரியது. யார் பிழை என்பது இங்கே கணக்கில் வராது.

2. யாராவது கவனமாக இருக்கவேண்டிய கடமையிலிருந்து தவறினார்களா? இது உரிமையியல் கேள்வி. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, பிழையை நிரூபித்து, நஷ்டஈடு பெறும் வழி இது.

3. யாராவது குற்றம் செய்தார்களா? இது காவல்துறையும் மனிதவள அமைச்சும் கேட்கும் கேள்வி. சாலைப் போக்குவரத்துச் சட்டமும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் இதில் வரும். இதன் முடிவு அபராதம், சிறை, உரிமம் பறிபோதல் என்பதாக இருக்கும். காயமடைந்தவருக்கான இழப்பீடு முதன்மையாக இந்த வழியில் வருவதில்லை.

ஒரே ஓட்டுநர் முதல் கேள்வியில் இழப்பீடு பெற்று, இரண்டாவதில் தோற்று, மூன்றாவதில் தண்டனையும் பெறலாம். இதில் முரண் எதுவும் இல்லை.

பிழை கேட்காத சட்டம்

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் ஒரு பேரத்தின்மீது நிற்கிறது. ஊழியர் யாருடைய பிழையையும் நிரூபிக்கத் தேவையில்லை. பதிலுக்கு, கிடைக்கும் தொகைக்கு வரம்பு உண்டு, வலிக்கும் மன வேதனைக்கும் தனியாகப் பணம் இல்லை. சம்பளம் எவ்வளவானாலும், எந்த நாட்டவரானாலும், வேலை ஒப்பந்தத்தின்கீழ் உள்ள ஊழியர்கள் இதில் அடங்குவர். இல்லப் பணிப்பெண்கள், சீருடைப் பணியாளர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. உடலுழைப்பு வேலை செய்யும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். எடுக்கத் தவறினால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம்: வெளிநோயாளியாகப் பெறும் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) என்றால் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாளுக்கும் முழுச் சராசரி வருமானம், அதன் பிறகு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை மூன்றில் இரண்டு பங்கு. சராசரி வருமானத்தில் மிகைநேர ஊதியமும் அடங்கும் என்பதை ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் அவர்களில் பலருக்கு அதுதான் சம்பளத்தின் கனமான பகுதி. மருத்துவர் எம்சிக்குப் பதிலாக ‘லைட் டியூட்டி’ (இலகுவான வேலை மட்டும்) எழுதிக்கொடுத்து, அதனால் வருமானம் குறைந்தால், அந்த இழப்பும் 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த இந்தச் சட்டத்தில் கணக்கில் சேரும். இரண்டாவது, மருத்துவச் செலவு: 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முந்தியோ அதுவரை.

மூன்றாவது, நிரந்தரச் செயலிழப்புக்கோ மரணத்துக்கோ தரப்படும் மொத்தத் தொகை. முழு நிரந்தரச் செயலிழப்புக்கு 116,000 முதல் 346,000 வெள்ளி வரை. மரணத்துக்கு 91,000 முதல் 269,000 வெள்ளி வரை. இவை 2025 நவம்பர் 1 அல்லது அதற்குப் பின் நடந்த விபத்துகளுக்கு உரியவை. அதற்கு முந்திய விபத்துக்குச் செயலிழப்பின் உச்சம் 289,000 வெள்ளி, மரணத்தின் உச்சம் 225,000 வெள்ளி.

கணக்கு போடும் முறையைத் தெரிந்துகொண்டால் எதில் கவனம் வைக்க வேண்டும் என்பது விளங்கும். சராசரி மாத வருமானத்தை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்கி, வரும் தொகையில் மருத்துவர் கணித்த செயலிழப்பு விழுக்காட்டை எடுக்க வேண்டும். நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்குப் பெருக்கெண் 181. மாதம் 2,400 வெள்ளி வாங்கும் 38 வயது ஓட்டுநரின் மணிக்கட்டுக்கு 20 விழுக்காட்டுச் செயலிழப்பு என்று கணிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 2,400 வெள்ளியை 181ஆல் பெருக்கினால் 434,400 வெள்ளி. இது உச்சவரம்பைத் தாண்டுவதால் 346,000 வெள்ளியே எடுத்துக்கொள்ளப்படும். அதில் 20 விழுக்காடு, 69,200 வெள்ளி. இந்த வயதில் மாதம் 2,000 வெள்ளி வாங்குபவருக்கும் கணக்கு உச்சவரம்பைத் தொட்டுவிடும். ஆகவே இளைய ஓட்டுநர்களுக்குச் சம்பளத்தைப் பற்றிய தகராற்றைவிட விழுக்காட்டைப் பற்றிய மருத்துவ மதிப்பீடே முக்கியம். ஒரு விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் 3,460 வெள்ளி வேறுபடும். பிசியோதெரபிக்குப் பாதியில் போகாமல் நின்றுவிடுவதும், வலியை மருத்துவரிடம் குறைத்துச் சொல்வதும் எத்தனை விலையுள்ள பழக்கங்கள் என்பதை இந்த எண் காட்டும்.

கதவு மூடும் இடங்கள்

பிழை கேட்காத சட்டம் என்றால் எதையுமே கேட்காத சட்டம் என்று பொருளல்ல. மதுபோதையாலோ, மருத்துவர் எழுதித் தராத போதைப்பொருளாலோ நேரடியாக விளைந்த காயத்துக்கும், தானே வேண்டுமென்று ஏற்படுத்திக்கொண்ட காயத்துக்கும் இழப்பீடு இல்லை. வேலையிடத்தில் அடிதடியில் இறங்கிப் பெற்ற காயத்துக்கும் பொதுவாக இல்லை.

ஆனால் விதியை மீறியிருந்தாலே எல்லாம் போயிற்று என்று சொல்லப்படுவது சரியன்று. பாதுகாப்புக் காலணி போடாமல் ஏறினார், சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை, ஒருவரே தூக்கக்கூடாத பாரத்தைத் தூக்கினார் என்பவை விதிமீறல்கள்தாம். எனினும் அந்தச் செயல் முதலாளியின் தொழிலுக்காகவே செய்யப்பட்டிருந்தால், உத்தரவை மீறிச் செய்தார் என்ற ஒன்றுக்காக மட்டும் அது வேலைக்குப் புறம்பான விபத்தாகிவிடாது. ‘காயமடைந்தால் நானே பொறுப்பு’ என்று எழுதி வாங்கிய கடிதமும் இந்தச் சட்டம் தரும் உரிமையைப் பறிக்காது; உரிமையைக் கைவிடச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அப்படிக் கையெழுத்து வாங்கும் முதலாளி தமக்கு எதிரான சாட்சியத்தைத் தாமே கோப்பில் வைத்துக்கொள்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊழியரா, சொந்த லாரிக்காரரா?

போக்குவரத்துத் தொழிலில் இந்தக் கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. நடைக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டுபவர்கள், சொந்தமாகவோ வாடகைக்கோ லாரி வைத்திருப்பவர்கள், தினமும் ஒரே நிறுவனத்துக்கு ஓட்டினாலும் அதன் ஊழியராகக் கருதப்படாமல் போகலாம். ஊழியர் அல்லாத சுயதொழில் ஓட்டுநருக்கு மேலே சொன்ன இழப்பீடு இல்லை.

ஒப்பந்தத் தாளில் ‘சுயதொழில் புரிபவர்’ என்று அச்சிட்டிருப்பது மட்டும் இதை முடிவு செய்யாது. உறவின் உண்மையான தன்மை பார்க்கப்படும்: எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்பவர் யார்? வாகனம் யாருடையது? டீசலுக்கும் பழுதுபார்ப்புக்கும் யார் செலவழிக்கிறார்? தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப ஓட்டுநருக்கு உரிமை உண்டா? நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? நிறுவனத்தின் லாரியை, நிறுவனத்தின் சீருடையில், நிறுவனம் தரும் அட்டவணைப்படி ஓட்டி, விடுப்புக்கும் அனுமதி கேட்டு நிற்பவரை ஒப்பந்தக்காரர் என்று அழைப்பது எளிதில் நிற்காது.

நடுவில் நிற்கும் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இணையத்தள ஊழியர் சட்டத்தின்படி, செயலிவழி வேலை பெற்று வேன் அல்லது லாரியில் பொருள் விநியோகிப்போருக்கும் ஊழியர்களுக்கு நிகரான வேலையிடக் காய இழப்பீடு உண்டு. செயலி இல்லாமல், வாட்ஸ்அப் குழுவில் நடை எடுத்து ஓட்டும் சுயதொழில்காரர் அதன் வெளியேதான் நிற்கிறார். அவர் சொந்தமாக விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு புகலிடம் அரிது.

நீதிமன்றத்தின் வழி: இங்கே பிழை திரும்பி வருகிறது

இழப்பீட்டுச் சட்டத்தின் வரம்பு போதவில்லை என்று தோன்றும்போது உரிமையியல் வழக்கு நினைவுக்கு வரும். வலி, வேதனை, எதிர்கால வருமான இழப்பு ஆகியவற்றுக்கு இங்கே உச்சவரம்பு இல்லை. சாலை விபத்து வழக்குகளையும் வேலையிட விபத்துக் காய வழக்குகளையும் 500,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கும். காய வழக்குகளுக்குக் காலக்கெடு பொதுவாக மூன்று ஆண்டு.

ஆனால் இந்த வழியில் சுமை ஓட்டுநர்மீது விழுகிறது. முதலாளி பாதுகாப்பான கருவியையும் பாதுகாப்பான வேலைமுறையையும் தகுந்த சக ஊழியர்களையும் தரத் தவறினார் என்றோ, மோதிய வாகனத்தின் ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தார் என்றோ அவர் நிரூபிக்க வேண்டும். கேன்வாஸ் அவிழ்க்கும்போது விழுந்தவர், லாரியில் ஏற ஏணியோ கைப்பிடியோ இல்லாததையும், அப்படித்தான் எல்லாரும் நாள்தோறும் ஏறுகிறார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததையும் காட்ட முடிந்தால் வழக்கு நிற்கலாம். நல்ல சாலையில், நல்ல வாகனத்தில், தூங்கிப்போய்த் தடுப்பில் மோதியவருக்கு வழக்கு போட ஆளே இல்லாமல் போகலாம். அவருக்கு இழப்பீட்டுச் சட்டமே ஒரே வழி.

இரு தரப்பிலும் பிழை இருந்தால் பங்கிடப்படும். 1953ஆம் ஆண்டின் பங்குக் கவனக்குறைவு, உடற்காயச் சட்டம், காயமடைந்தவரின் சொந்தப் பிழையின் அளவுக்கு நஷ்டஈட்டைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்த வழக்கு ஒன்றில், பச்சை மனிதன் விளக்கு எரிகையில் சாலையைக் கடந்த பாதசாரிக்கும், இருபுறமும் பார்க்கவில்லை என்று 15 விழுக்காட்டுப் பொறுப்பு சுமத்தப்பட்டது. உரிமையோடு சென்றவருக்கே அந்த நிலை என்றால், இருக்கைவார் போடாத ஓட்டுநரின் கோரிக்கையில் எதிர்த்தரப்பு எங்கே கை வைக்கும் என்று ஊகிக்கலாம்.

இரு வழிகளிலும் ஒரே காயத்துக்கு இரட்டைப் பணம் வாங்க முடியாது. முதலாளியிடமிருந்து இழப்பீட்டுச் சட்டப்படி பணம் பெற்றுக்கொண்டு, அதே காயத்துக்காக அவர்மீதே வழக்கும் தொடர முடியாது. காயம் பெரிது, பிழை தெளிவாக வேறொருவருடையது என்றால், இழப்பீட்டுக் கணிப்பை ஏற்றுக்கொள்வதற்கு முன்னரே வழக்கறிஞரைக் கண்டுவிட வேண்டும். பிழை மங்கலாக இருக்கும்போது வழக்கை நாடுவது, கையில் உள்ள உறுதியான தொகையைப் பந்தயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஓட்டுநரால் பிறர் காயமடைந்தால்

ஊழியர் வேலையின்போது செய்த கவனக்குறைவுக்கு முதலாளியும் பொறுப்பு என்பது பழைய நெறி. எனவே அடிபட்டவர் பெரும்பாலும் நிறுவனத்தின்மீதே வழக்கு போடுவார். வாகனக் காப்புறுதி பணம் தரும். சுயதொழில் ஒப்பந்தக்காரருக்கு இந்த நெறி பொருந்தாது. ஒப்பந்தக்காரரின் பிழைக்கு அவரை அமர்த்தியவர்மீது இத்தகைய பொறுப்பு வராது என்று 2017இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆகவே சொந்த லாரிக்காரர் இங்கேயும் தனியாகத்தான் நிற்கிறார்.

நிறுவனமும் பொறுப்பு என்பதால் ஓட்டுநரின் சொந்தப் பொறுப்பு அழிந்துவிடுவதில்லை. இதற்கு இங்கிலாந்தின் ரொம்ஃபர்ட் ஐஸ் வழக்கைக் காட்டிலும் கசப்பான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1949இல் ஒரு லாரி ஓட்டுநர் வாகனத்தைப் பின்னோக்கி நகர்த்தும்போது உதவியாளாக நின்றிருந்த தம் தந்தையின்மீதே ஏற்றிவிட்டார். நிறுவனத்தின் சார்பில் தந்தைக்கு நஷ்டஈடு கொடுத்த காப்புறுதி நிறுவனம், பின்னர் நிறுவனத்தின் பெயரில் மகன்மீது வழக்கு போட்டு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டது. 1957இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை காப்புறுதி நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அங்குள்ள காப்புறுதி நிறுவனங்களே பிறகு, கூடிச் சதி செய்தாலோ வேண்டுமென்று செய்தாலோ தவிர இந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன. அந்தத் தீர்ப்பு சிங்கப்பூர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பொறுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

நடைமுறையில் ஓட்டுநரைத் தொடுவது வழக்கைவிடச் சம்பளப் பிடித்தம்தான். வேலை நியமனச் சட்டத்தின்படி, ஒப்படைத்த பொருளுக்கு ஊழியரின் பிழையால் சேதமோ இழப்போ நேர்ந்தால் பிடித்தம் செய்யலாம். ஆனால் முதலில் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். பிடிப்பது ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதையும் ஒரே முறைதான் பிடிக்கலாம். பம்பர் நசுங்கியதற்காக ஆறு மாதம் தொடர்ந்து கழிப்பது இதில் அடங்காது.

காப்புறுதி தாங்காத சுமை

குற்றப் பொறுப்பை யாரும் யாருக்காகவும் ஏற்க முடியாது. அபராதத்தையும் சிறையையும் காப்புறுதி ஏற்காது. கவனக்குறைவாக வாகனமோட்டி மரணம் விளைவித்தால் மூன்றாண்டு வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால், முதல்முறைக் குற்றத்துக்கே எட்டாண்டு வரை சிறை. இவை தவிர, பிறருக்கு ஆபத்து விளைவிக்கும்படி வேலையிடத்தில் அலட்சியமாக நடந்துகொள்ளும் ஊழியருக்கு, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் 30,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

லாரியின் பின்தளத்தில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், ஊழியர்கள் இருந்த லாரி நின்றிருந்த டிப்பர் லாரியின் பின்பக்கம் மோதியதில் இருவர் மாண்டனர். தளத்தில் பயணம் செய்யும் ஊழியர்கள், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் வேலைக்குப் போய்வருபவர்கள் என்பதால், அவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஓட்டியவர் நிலை வேறு. பல நிறுவனங்களில் அவர் முழுநேர ஓட்டுநர்கூட அல்லர். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிவந்து, பகல் முழுதும் அவர்களோடு வெயிலில் வேலை பார்த்து, இரவு மிகைநேரம் முடிந்து மீண்டும் ஸ்டியரிங் பிடிப்பவர். விபத்து நடந்த நொடியில் குற்றச்சாட்டு முதலில் அவர்மீதே வரும். இதை உணர்ந்துதான், ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த ஓட்டுநர் ஊழியர்களை ஏற்றிச் செல்வதற்கு முன் குறைந்தது 30 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்றும், அவர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள ஒரு துணையாள் இருக்க வேண்டும் என்றும் 2023 ஜனவரி முதல் விதிகள் உள்ளன. 3,501 முதல் 12,000 கிலோ வரை உச்ச எடையுள்ள லாரிகளில் 60 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியாகக் கட்டாயமாக்கப்படுவதும் இந்த வரிசையில் வருவதே. என் கணிப்பில், ஓய்வு விதிதான் மிகவும் பலவீனமானது: 30 நிமிடத்தை எழுதிவைப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் உயிர் இருக்கிறது. ஓய்வில்லாமல் ஓட்டச் சொன்ன செய்தி கைப்பேசியில் இருந்தால் அதை அழிக்காமல் வைத்திருப்பது ஓட்டுநருக்கு நல்லது. நிறுவனத்தின் பொறுப்பை அது காட்டும். அவரது தண்டனையின் அளவிலும் அதற்கு இடம் இருக்கலாம்.

விபத்து நடந்த நாளிலிருந்து

1. வாக்குமூலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும், தீர்ப்பைச் சொல்லக்கூடாது. “என் தப்பு” என்பது தீர்ப்பு. “தளம் ஈரமாக இருந்தது, ஏணி இல்லை, கயிறு இறுகியிருந்தது, இழுத்தபோது முடிச்சு விட்டது, விழுந்தேன்” என்பது நடந்தது. முந்தைய வரி இழப்பீட்டுச் சட்டத்தில் உரிமையைப் பறிக்காது. ஆனால் பின்னொரு நாள் உரிமையியல் வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டும் தாள் அதுவே.

2. மருத்துவரிடம் வேலையின்போது பட்ட காயம் என்று முதல் வருகையிலேயே சொல்ல வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி யாரேனும் கேட்டுக்கொண்டால், அந்தப் பொய்யின் விலையைக் கொடுக்கப்போவது கேட்டவர் அல்லர்.

3. எம்சியோ லைட் டியூட்டியோ ஒரு நாளே ஆனாலும், வேலையிட விபத்தை முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அறிந்த நாளிலிருந்து அதற்கு 10 நாள் அவகாசம். அவர் தெரிவிக்காவிட்டால் ஊழியரே அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

4. இழப்பீட்டுக் கோரிக்கைக்கான கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. வேலை அனுமதி ரத்தானாலும் கோரிக்கை ரத்தாவதில்லை; கோரிக்கை முடியும்வரை இங்கே தங்கியிருக்கச் சிறப்பு அனுமதி கிடைக்க வழி உண்டு. “முதலில் ஊருக்குப் போய்க் குணமாகி வா, பிறகு பார்க்கலாம்” என்று பயணச்சீட்டை நீட்டும்போது, விமானம் ஏறுவதற்கு முன் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான் ஓட்டுநர் முதலில் கேட்க வேண்டும்.